ஒப்பனைத் தூரிகையும் கடின நீரும்

தூரிகை என்ற மாத்திரத்தில் நம்மில் அநேகருக்குச் சித்திரக்காரனுடைய ஞாபகம் வருவதே இயல்பு. ஆயினும், இன்று பெரம்பலூர்க் கடைவீதியிலாயினும் அரியலூர்ப் பேருந்து நிலையத்தண்டையிலாயினும் வளையற்கடை யொன்றின் முன் நின்று நோக்குவார்க்கு, சாந்துப் பொட்டு, சீப்பு, ரிப்பன் முதலியவற்றின் நடுவே, கண்ணாடித்தாள் உறையிலிட்ட தூரிகைக் கட்டுக்கள் வரிசையாய்த் தொங்குதல் புலனாகும். இவை சுவருக்கும் துணிக்கும் உரியனவல்ல, முகத்திற்கு உரியன. பவுடரைக் கன்னத்தில் பரப்புதற்கு ஒன்று, பவுண்டேஷன் என்னும் நிறப்பசையைத் தோலோடு இழைத்தற்கு ஒன்று, இமைமேல் வர்ணமிடுதற்கு ஒன்று எனப் பலவாக வகுக்கப்பட்டு, ஐந்தும் பத்தும் பன்னிரண்டுமாய் ஒரு கட்டாக விற்கப்படுகின்றன.

இவற்றைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுதல் தகுமோ என்று நகைப்பார் சிலர் இருத்தல் கூடும். யானும் ஓராண்டிற்கு முன் அவ்வாறு நகைத்திருப்பேன். என்னிடம் பயின்ற பெண்ணொருத்தியின் பிழைப்பு இத்தூரிகையின் நுனியில் ஊசலாடக் கண்ட பின்னரே இதனை ஆராயத் தலைப்பட்டேன்.

முகத்தில் எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. கண்ணுக்கு மையெழுதுங் கோலைத் திருவள்ளுவர் ‘புணர்ச்சி விதும்பல்’ என்னும் அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றார். எழுதும்பொழுது கண்ணானது அக்கோலைக் காண்பதில்லை என்பது அவர் கண்ட நுட்பம். பண்டை மகளிர் மேனியிலெழுதிய தொய்யிலும் சங்கச் செய்யுட்களிற் பலவிடத்துப் பேசப்படுகின்றது. கூத்தர் முகத்திற் பூசிய அரிதாரமோ, ரசாயன நூலின்படி ஆர்ஸெனிக்கும் கந்தகமும் கூடிய மஞ்சள் நிற நச்சுப் பொருள். அப்பெயரே பின்னர் வேஷப் பூச்சு அனைத்திற்கும் பொதுவாகி, நடிக்கப் போவதையே ‘அரிதாரம் பூசுதல்’ என்று இன்றும் கூறுகின்றோம். நம் பாட்டிமார் பவுடரையும் குங்குமத்தையும் விரல் நுனியாலேயே இட்டுக்கொண்டு திருப்தியடைந்தனர். விரல் நல்ல கருவியே. ஆயினும் அதன் சூடும் வியர்வையும் பவுடரைத் திட்டுத் திட்டாய் ஒட்டச் செய்வதனால், மெல்லிய படலமாய்ப் பரப்ப வேண்டுமிடத்து மயிர்த்தூரிகை மேம்பட்டதாகின்றது. சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெயிலில் நின்று திருமணப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

அப்பெண்ணின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். அவள் ஊர் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர். தாயார் பருத்தி எடுக்கக் கூலிக்குச் செல்பவர். பி. எஸ்ஸி. தேறியும் இரண்டாண்டு வேலை கிடையாமையால், மணமகள் அலங்காரத்தைச் சில வாரப் பயிற்சியில் கற்று, தாயாரின் கூலிப்பணத்தில் தூரிகைக் கட்டொன்று வாங்கி, உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்கு முதன் முதல் ஒப்பனை செய்தாள். முகூர்த்தம் நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் மணமகளின் இமை சிவந்து வீங்கிக் கட்டி கண்டது. அரசாங்க மருத்துவமனையிற் காட்டியதில், இமையோரத்து நெய்ச்சுரப்பியில் கிருமி புகுந்து உண்டாகும் கண்கட்டி யென்றார்கள். வெந்நீர் ஒற்றடத்தாலும் மருந்தாலும் பத்து நாளில் ஆறிவிட்டது. ஊரார் வாய் ஆறவில்லை. ‘மலிவுப் பிரஷ்ஷால் பெண்ணின் கண்ணைக் கெடுத்தவள்’ என்ற பெயர் நான்கு ஊர்களுக்குப் பரவ, பேசி வைத்திருந்த அடுத்த இரண்டு திருமணங்களும் கை நழுவிப் போயின.

அதன் பின்னர் ஒருநாள் என் வீட்டிற்கு வந்தாள். “டீச்சர், குழுவிலே ஏழாயிரம் கடன் கேட்டிருக்கிறேன். விலையுயர்ந்த பிரஷ் செட் வாங்கிவிட்டால் இந்தப் பேச்செல்லாம் நின்றுவிடும் அல்லவா?” என்றாள். மகளிர் சுய உதவிக் குழுக் கடன் வட்டி குறைந்ததே யெனினும், மாதந் தவறாது திருப்ப வேண்டியது. வருமானமோ முற்றும் நின்றிருக்கின்றது. “கடன் வாங்குமுன் இரண்டு மாதம் பொறு. குற்றம் விலையினதா, வேறு எதனதா என்று பார்ப்போம்” என்று கூறி அவளை அனுப்பினேன். கூறிவிட்டேனே யொழிய, அன்றைக்கு இத்தூரிகைகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

முதலில் தூரிகையின் அமைப்பைக் கூறுவேன். மயிர்த்தொகுதி, அதனைப் பற்றி நிற்கும் உலோகக் கழுத்து, காம்பு என உறுப்பு மூன்று. மயிர்கள் கழுத்தினுள்ளே பசையால் இறுக்கப்பட்டிருக்கும். கழுத்து மலிந்தவற்றில் அலுமினியத் தகடாகவும், உயர்ந்தவற்றிற் பித்தளை அல்லது செம்பாகவும் இருத்தல் வழக்கம். தூரிகையின் ஆயுள் பெரும்பாலும் அக்கண்ணுக்குத் தெரியாத பசையைப் பொறுத்தது.

மயிர் இருவகைத்து. ஆடு, அணில், குதிரைக்குட்டி முதலியவற்றின் மயிர் ஒருவகை. நம் தலைமயிரைப் போலவே இவற்றின் மேலும் ஓட்டுக்கூரை போன்ற நுண்செதில்கள் உண்டு. அச்செதில்களினிடையே பவுடர் தங்கிச் சிறிது சிறிதாய் உதிர்வதால், உலர்ந்த பூச்சுக்கு இவை மிகச் சிறந்தன. ஆயின் நெய்ப்பசையையும் நீரையும் உறிஞ்சிக்கொள்வன, உலரத் தாமதமாகும். மற்றொரு வகை செயற்கை இழை. அமெரிக்க நாட்டு டுபாண்ட் கம்பெனியில் காரதர்ஸ் என்னும் ரசாயன அறிஞர் 1935-ல் கண்ட நைலான், பெண்களின் காலுறையாகப் புகழ் பெறுமுன், 1938-ல் பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையாகவே முதன் முதற் கடைக்கு வந்தது. இக்காலத்து ஒப்பனைத் தூரிகைகளில் நைலானும், பாலியெஸ்டர் இனத்து இழைகளும் வழங்குகின்றன. இவற்றிற்குச் செதிலில்லை, வழவழப்பானவை, பசைபோன்ற பூச்சை உறிஞ்சாமல் தோலிற் சேர்ப்பன, விரைவில் உலர்வன.

தூரிகைத் தொழிலாலேயே பெயர் பெற்ற ஊர்களும் உள. ஜப்பானில் ஹிரோஷிமாவை அடுத்த குமானோ அத்தகையது. 2011-ல் பெண்கள் உலகக் கால்பந்துப் போட்டியில் வென்ற ஜப்பானிய அணியினர்க்கு அரசாங்கம் மக்கள் கௌரவ விருதளித்தபொழுது, உடன் கொடுத்த பரிசு குமானோவின் ஒப்பனைத் தூரிகைகளே. சீனத்தில் ஹெனான் மாகாணத்து லூயி என்னும் ஊர், லாவோத்ஸே முனிவர் பிறந்த இடமென்று சொல்லப்படுவது, இன்று ஒப்பனைத் தூரிகைக்கும் பேர்போனது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துப் பிஜ்னோர் ஜில்லாவிலுள்ள ஷேர்கோட் தூரிகைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூருக்கு ஒரு பழியும் உண்டு. கீரியின் மயிர் ஓவியத் தூரிகைக்கு மிக உகந்ததென்று கருதப்பட்டமையால் அப்பிராணி பெருந்தொகையிற் கொல்லப்பட்டது. கீரியை வேட்டையாடுவதும் அதன் மயிரை விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாம். 2019-ல் அதிகாரிகள் பல மாகாணங்களில் ஒரே காலத்திற் சோதனையிட்டு அத்தகைய தூரிகைகளைக் கைப்பற்றினர். ஆகையால், ‘அசல் கீரிமயிர்’ என்று எவரேனும் பெருமையாய் எடுத்து நீட்டினால் வாங்காதிருத்தலே முறை.

இனிச் சோதனைக்கு வருவோம். மூன்று கட்டுக்கள் வாங்கினேன். பெரம்பலூர்க் கடைவீதியில், தகரப் பெட்டியிலடங்கிய பன்னிரண்டு தூரிகைகள் ரூ. 180. அரியலூரில், சிறு பையிலிட்ட ஐந்து தூரிகைகள் ரூ. 260. மூன்றாவது, இணைய வழியே வரவழைத்த பத்துத் தூரிகைகள் ரூ. 499. ஒப்பு நோக்குதற்காகத் திருச்சியில் இத்தொழில் செய்யும் பழைய தோழியொருத்தியிடம், ஆட்டுமயிராலாகிய பெரிய தூரிகை யொன்றை இரவல் பெற்றேன்; அஃது ஒன்றே இரண்டாயிரம் ரூபாயாம். என் முகமும் என் சகோதரியின் முகமும் சோதனைச்சாலைகள் ஆயின. வகுப்பிற்கு அவ்வளவு பொலிவோடு யான் சென்றது அவ்விரண்டு மாதங்களிலேதான்; மாணவிகள் என்ன நினைத்தனரோ அறியேன்.

சோதனைகள் எவரும் வீட்டிற் செய்யக் கூடியவையே. தூரிகையின் தலையை உள்ளங்கையில் அழுத்தி எடுத்தால் அது பழைய வடிவத்திற்கு மீளல் வேண்டும். இரு விரலால் மயிரைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒன்றிரண்டிற்கு மேல் வருதல் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் ஒற்றினால் சாயம் ஒட்டலாகாது. காம்பைப் பிடித்துக் கழுத்தைத் திருகினால் ஆடலாகாது. உதிர்ந்த மயிரொன்றை இடுக்கியாற் பற்றித் தீயிற் காட்டினால் அதன் குலம் வெளியாகும்: பிராணிமயிராயின் தலைமயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கிற் பொடியாகுஞ் சாம்பலாகும், நைலானோ பாலியெஸ்டரோ ஆயின் உருகிச் சிறு மணியாகத் திரண்டு இறுகும்.

பன்னிரண்டு தூரிகைக் கட்டு முதல் நாளிலேயே தோற்றது. கைக்குட்டை கறுத்தது, கன்னத்திற்குரிய தூரிகை ஒவ்வொரு முறையும் முகத்தில் நாலைந்து மயிரை விட்டுச் சென்றது. ‘இயற்கை மயிர்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தும் தீயில் மணிமணியாய் உருகியது. பன்னிரண்டில் ஏழு, இமைக்குரியனவென்று பெயர் பெற்று, ஒன்றற்கொன்று வேற்றுமை காணவியலாதபடி யிருந்தன. எண்ணிக்கையைக் காட்டி விற்கும் தந்திரம் இது. பெட்டியில் செய்தவர் பெயருமில்லை, இறக்குமதி செய்தவர் விலாசமுமில்லை. பொட்டலப் பண்டங்களைப் பற்றிய 2011-ஆம் ஆண்டின் விதிகள் இவற்றையும், உச்ச விலை, மாதம், ஆண்டு முதலியவற்றையும் உறையின்மேல் அச்சிட வேண்டுமென்கின்றன. விலாசம் அச்சிட்ட கட்டெல்லாம் நல்லதாகிவிடாது. விலாசமே இல்லாத கட்டில் குறை கண்டால் எவரிடம் போய் முறையிடுவது?

ஐந்து தூரிகைக் கட்டும் பத்துத் தூரிகைக் கட்டும் செயற்கை இழையே. அவ்வாறென்று மறையாது அச்சிட்டுமிருந்தன. சாயம் போகவில்லை. முதலிரண்டு கழுவலில் சில மயிர் உதிர்ந்து, பின்னர் நின்றது. ஐந்தில் ஒன்றன் கழுத்து மட்டும் சிறிது ஆடிற்று. இரண்டாயிரம் ரூபாய்த் தூரிகையோடு ஒப்பிட்டபொழுது, உலர்ந்த பவுடரைக் கன்னத்திற் பரப்புவதில் அதன் மேன்மை ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது. மேகம் படர்வது போலப் பரவிற்று. நிறப்பசையை இழைப்பதிலோ, அவ்வாட்டுமயிரைவிட நம் நைலானே நன்றாயிருந்தது. நாடோறும் வேலைக்குச் செல்வார்க்கு ஐந்து கட்டு போதும் என்று முடிவு செய்து, அச்செய்தியைக் கூற அப்பெண்ணை அழைத்தேன்.

அவள் தன் தூரிகைகளையும் எடுத்து வந்தாள். பையைத் திறந்தவுடன் எனக்கு வியப்பு மேலிட்டது. யான் அரியலூரில் வாங்கிய அதே ஐந்து கட்டு. அதே உறை, அதே விலாசம். என்னுடையவை பட்டுப்போல் இருக்க, அவளுடையவை தென்னந்துடைப்பம் போல விறைத்து நின்றன. மயிர்களுக்கிடையே வெண்மையான பிசுக்கு. “கழுவுவதில்லையோ?” என்றேன். “வாரம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், டீச்சர்” என்று கண்கலங்கினாள். பொய் கூறுபவள் அல்லள். இரண்டு மாதச் சோதனையின் பயன் அந்தக் கணத்திலேதான் கிடைத்தது என்று சொல்லலாம். ஏனெனின், ஒரே தூரிகை இரண்டு வீட்டில் இரண்டு விதமாய் ஆவதற்குக் காரணம் தூரிகையில் இருத்தல் இயலாது.

மறு ஞாயிறன்று அவள் ஊருக்குச் சென்றேன். நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறம் முழுதும் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெள்ளோடு. துணி துவைக்குமிடத்தில் சோப்பு நுரைக்கவேயில்லை. விஷயம் விளங்கிற்று.

அரியலூர்ப் பூமியின் அடியில் என்ன இருக்கின்றதென்பதை அங்குச் செல்லும் லாரிகளும் சிமெண்டு ஆலைகளுமே சொல்லும். சுமார் ஏழு கோடி ஆண்டுகட்கு முன் இப்பிரதேசம் கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. கல்லங்குறிச்சியின் பெயரையே அத்தகைய படுகை யொன்றிற்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் இட்டிருக்கின்றனர். பெரம்பலூர் ஜில்லாவில் காரைக்கு அருகே, வெடித்துப் பள்ளம் பறிந்து கிடக்கும் களிமண் பூமியில், ஜிப்ஸம் என்னும் கால்சியம் ஸல்பேட் கீற்றுக் கீற்றாய் மின்னுவதைக் காணலாம். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கல்லினூடே இறங்குங்கால், அதனைப் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்கின்றது. இதுவே கடின நீர். பைகார்பனேட்டால் வருங் கடினம் தற்காலிகமானது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தில் ஓடாகப் படிந்துவிடும். ஜிப்ஸத்தால் வருவதோ நிரந்தரமானது. கொதிக்க வைத்தும் போகாது. என் வீட்டிற்குக் குழாய்வழி வருவது ஆற்று நீர். அவள் வீட்டிலோ ஆழ்குழாய்க் கிணறு. இவ்வளவே வேற்றுமை.

சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் ஸோடியம் உப்பு. கடின நீரிலுள்ள கால்சியம் அதனைச் சந்தித்தவுடன் ஸோடியத்தை விலக்கித் தான் சேர்ந்துகொள்கின்றது. அவ்வாறு உண்டாகுங் கால்சியம் சோப்பு நீரிற் கரையாத தயிர் போன்ற வெண்பிசுக்கு. துணியில் ஒட்டினால் துணி மங்கும். தலையில் ஒட்டினால் சிக்காகும். நெருக்கமாய் ஆயிரக்கணக்கான மயிர்களைக் கொண்ட தூரிகையில் அது போய்த் தங்கினால் வெளியேறுதற்கு வழியேயில்லை. அப்பிசுக்கு முகத்து எண்ணெயையும், உதிர்ந்த தோலணுக்களையும், ஈரத்தையும் பற்றி வைத்துக்கொள்ளும். கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்? விறைத்த நுனி இமையின் மெல்லிய தோலைக் கீறுவதும் உண்டு. ஆக, அப்பெண் எத்தனைக்கெத்தனை சிரத்தையாய்ச் சோப்பிட்டுக் கழுவினாளோ, அத்தனைக்கத்தனை தூரிகை கெட்டது.

இதனை அவள் தாயாருக்குக் கண்ணெதிரே காட்டினேன். ஒரே அளவான இரண்டு புட்டிகளில், ஒன்றில் அவர்கள் வீட்டுக் கிணற்று நீரும் மற்றொன்றிற் கடையில் வாங்கிய குடிநீரும் ஊற்றி, இரண்டிலும் சமமாய்ச் சோப்புக் கரைசலைச் சில துளி விட்டுக் குலுக்கினோம். ஒன்று பால்போற் கலங்கி நுரையின்றி நின்றது. மற்றொன்று விளிம்பு வரை நுரைத்தது. 1841-ல் நீரின் கடினத்தை நீக்கும் முறைக்குப் பேடண்டு பெற்ற ஸ்காத்லாந்து ரசாயனி தாமஸ் கிளார்க் என்பார், இவ்வாறு சோப்பு நுரையைக் கொண்டே கடினத்தை அளக்கவும் வழி வகுத்தார். நம் கல்லூரி ரசாயனசாலையிற் பயின்றவர்க்கு அவர் பெயர் நினைவிருக்கும்.

மணமகளின் இமைக்கட்டிக்கு இத்தூரிகையே காரணமென்று அறுதியிட்டுக் கூற இயலாது. அப்பெண் வீட்டார் பல மாதத்து மைக்குச்சியைப் பலருமாய் உபயோகித்ததாகவும் கேள்வி. ஆயினும் இரண்டு தவறுகளை அவளே ஒப்புக்கொண்டாள். முகூர்த்தம் விடியற்காலையாகையால் முன்னிரவிற் கழுவிய தூரிகையை ஈரத்தோடே உபயோகித்தாள். கழுவிய பின் தம்ளரில் தலை மேலாக நிறுத்தி வைத்தமையால், நீர் கீழிறங்கிக் கழுத்தினுள்ளே தங்கிவிட்டது. பசை இளகுவதும், மரக்காம்பு ஊறிப் பருப்பதும், வெளித்தோற்றத்திற்கு உலர்ந்தாற்போல் இருந்தும் அடிமயிர் நனைந்தே கிடப்பதும் இதனாலேதான்.

இவ்விஷயத்தில் அவள் மட்டும் அசட்டையுடையவள் அல்லள். 2019-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் சர்வகலாசாலையார், மக்கள் உபயோகித்து வந்த ஒப்பனைப் பொருள்கள் 467-ஐ வாங்கிச் சோதித்ததில், மிகப் பெரும்பாலானவற்றிற் கிருமிகள் இருந்தன. நிறப்பசை இழைக்கும் பஞ்சுருண்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஒருமுறையேனும் கழுவப்பட்டதே யில்லை. நைலான் தூரிகை, பஞ்சை நோக்க, எளிதிற் கழுவி எளிதில் உலர்த்தக் கூடியது என்பது இவ்விடத்துக் கருதத்தக்கது.

பிசுக்கேறிய தூரிகையை மீட்பது இலேசாகவே முடிந்தது. ஒரு தம்ளர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்து, அதில் மயிர்நுனியை மட்டும் ஐந்து நிமிஷம் அளைந்தால், அமிலம் கால்சியத்தைப் பிரித்துக் கரைத்துவிடும்; எஞ்சிய கொழுப்பை ஷாம்பு கொண்டுபோகும். எலுமிச்சைச் சாறும் உதவும். அமிலம் அலுமினியக் கழுத்தைத் தின்னுமாதலின் நெடுநேரம் ஊற விடுதல் கூடாது. இரண்டு முறை இவ்வாறு செய்தபின் அவளுடைய தூரிகைகளில் நான்கு முன்போல் மிருதுவாயின. ஐந்தாவது கழுத்துக் கழன்று கையோடு வந்துவிட்டது.

அன்று முதல் சோப்பை விலக்கி ஷாம்புவை உபயோகிக்கச் செய்தேன். ஷாம்புவிலுள்ள நுரைப்பொருள் சோப்பு இனத்தைச் சேர்ந்ததன்று; கால்சியத்தோடு சேர்ந்தாலும் பிசுக்காய்ப் பிரியாது. ஒரு ரூபாய்ப் பொட்டலம் ஒன்று ஒரு கட்டு முழுதிற்கும் போதும். இச்சிறு பொட்டல வியாபாரத்திற்கு வழிகாட்டியவர் நம் அண்டை ஊராகிய கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர். அவர் மக்களில் ஒருவராகிய சி. கே. ரங்கநாதன் 1983-ல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கி அதனை நாடெங்கும் பரப்பினார். கூலிக்காரர் வீட்டிலும் ஷாம்பு நுழைந்தது அவ்வழியாகவே.

கழுவும் முறையையும் கூறிவிடுகின்றேன். தூரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கழுத்திற்கு மேல் நீர் ஏறாதபடி நனைத்து, ஒரு துளி ஷாம்புவை உள்ளங்கையிலிட்டு வட்டமாய்த் தேய்த்து, நுரை வெள்ளையாகும்வரை அலச வேண்டும். கிணற்று நீரிலேயே அலசலாம். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ கேன் நீரோ அரைத் தம்ளர் செலவிட்டால் நன்று. பின்பு துணியில் ஒற்றி, விரலால் வடிவைச் சரிப்படுத்தி, மேசை விளிம்பில் தலை வெளியே நீண்டிருக்கக் கிடத்தியேனும், கயிற்றில் தலைகீழாகக் கட்டியேனும் நிழலில் உலர்த்தல் வேண்டும். தனக்கே உபயோகிப்பவர் ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவினாற் போதுமென்பது அமெரிக்கத் தோல் மருத்துவ சங்கத்தார் கூறும் அளவு. பிறர்க்கு ஒப்பனை செய்பவரோ ஒவ்வொருவர்க்கும் கழுவிய தூரிகையையே எடுத்தல் வேண்டும். கழுவி உலர்ந்ததன்மேல் எழுபது பங்கு ஆல்கஹால் தெளித்து ஆற விடுவது மேலும் நலம். நூறு பங்கு ஆல்கஹால் இன்னும் சிறந்ததாகுமே எனின், அன்று. கிருமியின் புரதத்தைக் குலைப்பதற்குச் சிறிது நீரும் வேண்டியிருக்கின்றது. விடுதியில் ஆண்டுவிழா நாடகத்திற்கு ஒரே இமைத்தூரிகையை இருபது பேர் கைமாற்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். செய்துமிருக்கின்றோம்.

வாங்கப் போவார் எண்ணிக்கையில் மயங்க வேண்டுவதில்லை. நாடோறும் வேலைக்கோ வகுப்பிற்கோ செல்பவர்க்கு, பவுடருக்குப் பருத்த தலையுள்ள தூரிகை ஒன்றும், நிறப்பசைக்குத் தட்டையான தலையுள்ளது ஒன்றும், இமைக்குச் சிறியது ஒன்றும் வேண்டும். நான்காவதற்கு யான் இன்னும் ஒரு வேலையும் கண்டிலேன். ஐ-லைனர் எழுதுவதற்கு மட்டும் இக்கட்டுக்களில் வருவன எல்லாமே தடித்தவை. அதற்குக் காகிதக் கடையில் சித்திரம் எழுதுதற்கென விற்கும் நைலான் தூரிகையில் மிகச் சிறிய எண்ணுள்ளது புதிதாய் ஒன்று வாங்கி, கழுவி உபயோகித்தேன். முப்பது ரூபாய்க்கு அதைவிடக் கூரிய நுனி கிடைப்பது அரிது. மணமகள் ஒப்பனை செய்பவர்க்கு இமைத்தூரிகைகள் இரட்டிப்பாய் வேண்டும்; மயிரடர்ந்த நிறப்பசைத் தூரிகையும் இரண்டு வேண்டும், அஃது உலர ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாளாவது செல்லுமாதலின்.

இக்கணக்கின்படி, அவளிடம் மீந்திருந்த நான்கோடு, ரூ. 499 கட்டு ஒன்றும் காகிதக் கடைத் தூரிகை இரண்டும் சேர்க்க, புதிதாய் ஆன செலவு அறுநூறு ரூபாய்க்கும் குறைவு. குழுவிற் கேட்ட கடன் மனுவை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள். கெட்ட பெயர் அவ்வளவு விரைவில் அகன்றுவிடவில்லை. ஆவணியில் ஒரு வளைகாப்பிற்கு அழைத்தார்கள். அவ்வீட்டுப் பாட்டியார் தூரிகைகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, மோந்தும் பார்த்து, பின்னரே அனுமதி தந்தாராம். தையில் மூன்று திருமணங்கள் வந்தன. கழன்றுபோன ஐந்தாவது தூரிகையை அவள் எறியவில்லை. பசையிட்டு ஒட்டி, வீட்டிற்குப் புதிதாய்க் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்குக் கழுவும் முறை காட்டுதற்கென்று தனியே வைத்திருக்கின்றாள்.